கை ஓய்ந்த பிறகு மீண்டும் வரைய: ஓவியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்

வரைந்து சம்பாதிப்பவர்களுக்காக இது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர், வார இதழ்க் கதைக்குப் படம் போடுபவர், யூடியூப் சேனலுக்குத் தம்ப்நெயில் செய்பவர், துணிக்கடை விளம்பரம் பார்ப்பவர், பாடநூலுக்கு வரைபவர் என்று யாராக இருந்தாலும் அறிகுறி ஒன்றுதான். கோப்பைத் திறந்தால் கை நகரவில்லை. நகர்ந்தாலும் போன மாதம் செய்ததையே திரும்பச் செய்கிறது. ‘இன்னும் இதையே செய்ய வேண்டுமா, வேறு வேலைக்குப் போய்விடலாமா’ என்ற கேள்வி இரவில் தூங்கவிடுவதில்லை.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் தேடாதீர்கள். சோர்ந்த மனதுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மூடிய கதவுதான் தெரியும். இதில் வரிசை முக்கியம். முதலில் வேலையில் சக்தி ஒழுகும் இடத்தை அடைப்பது, அடுத்து கைக்கு ஓய்வு, அதன்பிறகு யாருக்கும் கொடுக்க வேண்டாத சின்னச் சின்ன வரைதல், எல்லாம் முடிந்த பின்தான் திசை. பலர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். புது கோர்ஸ், புது டேப்லெட், புது இன்ஸ்டாகிராம் பக்கம் என்று பணத்தைப் போட்டுவிட்டு மூன்றாவது வாரம் நிறுத்துகிறார்கள். பிறகு ‘எனக்குத் திறமை போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். திறமை எங்கும் போகவில்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்றார்களே, அந்தப் பழக்கம் கையில்தான் இருக்கிறது. ஆசை வந்தால்தான் கை நகரும் என்று காத்திருப்பதுதான் தவறு. இந்த நிலையில் கை முதலில் திரும்பும், ஆசை சில வாரம் கழித்துத்தான் வந்து சேரும்.

இது பர்ன் அவுட்தானா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பில் பர்ன் அவுட், அதாவது வேலையால் வற்றிச் சோர்ந்துபோவது, இடம்பெற்றிருக்கிறது. நோயாக அல்ல, வேலையோடு தொடர்புள்ள நிலையாக. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம். ஓவியரிடம் இவை இப்படி வெளிப்படும்: காலையில் எழும்போதே களைப்பு; கிளையன்ட் பெயர் போனில் தெரிந்ததும் எரிச்சல்; நல்ல வேலையை முடித்து அனுப்பிய பிறகும் ‘குப்பை’ என்ற நினைப்பு.

மூன்றும் வேலையைச் சுற்றியே இருந்தால் இந்தக் குறிப்பு உதவும். ஆனால் வேலைக்கு வெளியேயும் எதிலும் ருசி இல்லை, பிடித்த சாப்பாடும் பிள்ளைகளின் விளையாட்டும்கூடத் தொடவில்லை, நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே பேசுங்கள்.

இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சோர்வு இதே மாதிரிதான் இருக்கும். தைராய்டு குறைந்திருப்பவர் மாதக்கணக்கில் தன் கலையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது வீண் துன்பம். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மணிக்கட்டு நரம்பு நெருக்கப்பட்டிருந்தால் கீழே சொல்லும் பயிற்சிகளுக்கு முன் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒழுகலை அடைப்பது

கையில் இருக்கும் எல்லா வேலையையும் ஒரே தாளில் எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளில். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: வாங்கிய அட்வான்ஸ், சொன்ன தேதி, எத்தனை கரெக்‌ஷன் போயிருக்கிறது, முடிக்க உண்மையில் எத்தனை மணி நேரம் வேண்டும். மணி நேரத்தை மனதில் தோன்றியதைப் போல ஒன்றரை மடங்காக எழுதுங்கள். சோர்ந்த கை வழக்கமான வேகத்தில் ஓடாது. பலருக்குத் தலைக்குள் இருபது வேலையாகக் கனத்தது தாளில் ஏழாகத்தான் இருக்கும்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறவற்றை முடித்துவிடுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்புக்கொண்டபடி இருந்தால் போதும். தேதி தள்ளினால் யாருக்கும் நஷ்டமில்லாதவற்றைத் தள்ளுங்கள். நான்கு கரெக்‌ஷன் தாண்டியும் முடியாதவற்றையும், முகூர்த்த நாள் போல அசைக்க முடியாத தேதி உள்ளவற்றில் உங்களால் எட்ட முடியாதவற்றையும் திருப்பிக் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் தாமதம் என்பது அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு தவிப்பதைவிட முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை.

தேதி தள்ளும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: “வணக்கம் சார். அட்டைப்படம் 15-ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருந்தேன். உடம்பு சரியில்லை. 29-ஆம் தேதி மாலைக்குள் தருகிறேன். அவசரம் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள், இதுவரை போட்ட ஸ்கெட்சையும் மீதி அட்வான்ஸையும் அனுப்பிவிடுகிறேன்.” இதில் புதுத் தேதி இருக்கிறது, அவருக்கு வெளியேறும் வழியும் இருக்கிறது, உங்கள் மனநிலை பற்றிய விளக்கம் இல்லை. நடு ராத்திரியில் நீளமாக எழுதி அனுப்புவதும், ‘சீக்கிரம் தருகிறேன்’ என்பதும்தான் காரியத்தைக் கெடுக்கும். ‘சீக்கிரம்’ என்று சொன்னால் தினமும் ஒரு போன் வரும். தேதி சொன்னால் அந்தத் தேதி வரை வராது.

பணக் கணக்கையும் அதே நாளில் போட்டுவிடுங்கள். வாடகை, இ.எம்.ஐ., மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் கூட்டி மாதச் செலவு எவ்வளவு, கையிருப்பு எத்தனை வாரம் தாங்கும் என்று எண்ணாகத் தெரியட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம். எட்டு வாரம் தாங்கும் என்றால் முழு ஓய்வு எடுக்கலாம். இரண்டு வாரம்கூடத் தாங்காது என்றால் வேலையை நிறுத்தாதீர்கள், பாதியாக்குங்கள்: பழகிய கிளையன்ட், பழகிய வகை வேலை, ஒரு நேரத்தில் ஒன்று, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. கடன் வாங்கி ஓய்வெடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வட்டி தேதி நெருங்கும்போது ஓய்வு ஓய்வாக இருக்காது.

ஓய்வுக்கான மாதத்தையும் தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் பத்திரிகை வடிவமைப்பவருக்கு ஆடி ஓய்வு மாதம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆவணி முகூர்த்தத்துக்கான மேட்டர் (அச்சிட வேண்டிய வாசகம்) எல்லாம் ஆடியில்தான் வந்து குவியும். உண்மையான இடைவெளி ஆனியின் பின்பாதி. துணிக்கடை விளம்பரக்காரருக்கு ஆடித் தள்ளுபடியிலிருந்து தீபாவளி வரை மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி முடிந்த மறுவாரம்தான் அவருக்குரியது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அதற்கு வரைபவருக்கு அதன் முந்தைய மாதங்கள்தான் நெருக்கடி.

பத்து நாள் வரையாதீர்கள்

சோர்ந்த ஓவியருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ‘தினமும் கொஞ்சம் வரை’ என்பது. முதல் பத்து நாளுக்கு அது சரிவராது. கை பென்சிலைத் தொட்டதும் கிளையன்ட் குரல் கேட்கிற நிலையில், வரைவது எதுவானாலும் வேலையாகவே மாறிவிடும்.

ஆனால் கை சும்மா இருக்கவும் கூடாது. சும்மா இருந்தால் போனைத்தான் எடுக்கும். அரை மணியில் முடியும், முடிந்தது கண்ணுக்குத் தெரியும், யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள் என்ற மூன்றும் பொருந்தும் வேலையைக் கொடுங்கள். முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, சைக்கிள் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது. வீட்டு வாசலில் இடமிருந்தால் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போடலாம். ஆண், பெண் என்ற கணக்கு இதில் வேண்டாம். புள்ளியைச் சுற்றி இழை எங்கே வளைய வேண்டும் என்பதில் மட்டும்தான் கவனம் நிற்கும். மதியத்துக்குள் காலடி பட்டுக் கலைந்துவிடும். சேமிக்கவும் முடியாது, பட்டியலில் சேர்க்கவும் முடியாது. அதனால்தான் அது மருந்து.

தினமும் இருபது முதல் முப்பது நிமிடம் நடங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட நடக்கும்போது புது யோசனைகள் அதிகம் வந்தன. ஓடுபொறியில் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கும் அப்படியே, ஆகவே அழகான பூங்கா தேவையில்லை, தெருமுனை வரை போய் வந்தாலும் சரிதான். யோசனை வந்தால் குறித்துக்கொள்ள வேண்டாம். இப்போதைக்கு வரத்து மட்டும் திரும்பட்டும். தூக்கத்துக்கு ஒரே ஒரு விதி: மாலை மூன்று மணிக்கு மேல் காபி, டீ கிடையாது. காபியில் உள்ள கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

கண்ணுக்கும் உணவு மாற வேண்டும். பின்டரெஸ்ட், பிஹான்ஸ், இன்ஸ்டாகிராம் மூன்றையும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம், செயலியை நீக்கினால் போதும். நூறு படங்களை இரண்டு நொடி வீதம் பார்த்துப் பழகிய கண், ஒன்றை இருபது நிமிடம் பார்க்க மறந்துவிடுகிறது. சென்னையில் இருப்பவர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலப் படிமக் கூடத்துக்குப் போகலாம், விடுமுறை நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சையில் அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. மற்ற ஊர்களில் பழைய கோயில் தூண் ஒன்று போதும். ஒரே ஒரு உருவத்தின் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெளிக்கோடு மட்டும். அடுத்த ஐந்து, எந்தக் காலில் எடை நிற்கிறது, இடுப்பு அதற்கு ஏற்ப எப்படிச் சாய்கிறது என்று. அடுத்த ஐந்து விரல்களுக்கு. கடைசி ஐந்து நிமிடம் பின்பக்கம் போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள். சிற்பி யார் கண்ணிலும் படாத முதுகையும் சடையையும் எவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். படம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள், வரைய வேண்டாம்.

பதினைந்து நிமிடக் கை

பத்து நாள் கழித்து நோட்டு தயாரியுங்கள். பத்து ஏ4 தாளை அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் ஊசி நூலால் மூன்று தையல் போட்டால் நாற்பது பக்க நோட்டு கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாளே போதும். விலை உயர்ந்த ஸ்கெட்ச்புக் வேண்டாம். அதன் முதல் பக்கத்தைக் கெடுக்க மனம் வராமல் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, அவ்வளவுதான். அழிப்பான் கூடாது, டேப்லெட்டும் கூடாது. அழிக்கும் வசதி இருக்கும் இடத்தில் கரெக்‌ஷன் பழக்கம் தானாக வந்துவிடும்.

நேரத்தை மணிக்குக் கட்டாதீர்கள், ஒரு செயலுக்குக் கட்டுங்கள். ‘காலை டீ டம்ளரைக் கழுவி வைத்ததும் உட்காருவேன்’ என்பது ‘காலை ஏழு மணிக்கு வரைவேன்’ என்பதைவிட நிற்கும். மணி தவறினால் அன்றைய நாளே தவறியதாகத் தோன்றும். டம்ளர் எப்போதானாலும் கழுவியாக வேண்டும். அலாரம் பதினைந்து நிமிடம். அடித்ததும், கோடு பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள். நன்றாகப் போகும் நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம், அன்றைக்குத்தான் கட்டாயம் நிறுத்த வேண்டும். பாதியில் விட்ட கோடு மறுநாள் உங்களைக் கூப்பிடும்.

முதல் மூன்று நாள், எழுதாத கையைத் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் விளிம்பில் எறும்பு ஊரும் வேகத்தில் நகரட்டும், பேனா அதே வேகத்தில் தாளில் நகரட்டும், எடுக்கவே கூடாது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், ஆக நாளுக்கு மூன்று. விரல்கள் ஒன்றோடொன்று ஏறிக்கொண்டு கோரமாகத்தான் வரும். வர வேண்டியதும் அப்படித்தான். வரையும்போது படம் தெரியாததால், ‘இது நல்லா இல்லை’ என்று சொல்லும் உள்குரலுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. அந்தக் குரல் இல்லாத ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று கைக்கு நினைவூட்டுவதுதான் நோக்கம்.

நான்கு முதல் ஆறாம் நாள் வரை ஒரே பொருள்: வாசலில் கிடக்கும் செருப்பு, டம்ளர் டபரா, குக்கர் மூடி. ஐந்து கோணம், கோணத்துக்கு மூன்று நிமிடம். ஏழாம் நாள் எதுவும் வேண்டாம், நோட்டைப் புரட்டவும் வேண்டாம். எட்டு முதல் பத்து வரை வெளியே போங்கள். பேருந்து நிலையத்திலோ டீக்கடையிலோ அசையும் மனிதர்களை முப்பது நொடிக்கு ஒருவராக வரையுங்கள். முகம் வேண்டாம், தலையும் தோளும் எடை நிற்கும் காலும் போதும். யாராவது எட்டிப் பார்த்தால் நோட்டைத் திருப்பிவிடுங்கள். பதினொன்று முதல் பதின்மூன்று வரை நிழல் மட்டும்: பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, கோடே இல்லாமல், இருட்டான இடங்களை மட்டும் நிரப்புங்கள். மாலை நான்கு மணிக்குச் சன்னல் கம்பி தரையில் விழுத்தும் நிழல் இதற்கு மிகவும் ஏற்றது. பதினான்காம் நாள் முதல் முப்பதாம் நாள் வரை எதை வேண்டுமானாலும் வரையலாம், பதினைந்து நிமிடம் மட்டும் மாறாது. நாற்பது பக்கம் தீர்ந்துவிட்டால் இன்னொரு நோட்டைத் தையுங்கள்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம், காட்டுவது. ஐந்தாவது ஆறாவது நாளில் ஒரு நல்ல படம் விழும். உடனே அதை ஸ்டேட்டஸில் போடத் தோன்றும். போட்டால் அடுத்த நாள் நோட்டுக்கு முன்னால் உட்காருவது நீங்கள் அல்ல, உங்களைப் பார்ப்பவர்கள். 1973-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகள் அவர்கள். ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்பே சொல்லி, கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசு பற்றிய பேச்சே இல்லாமல் பேனாவை மேசையில் வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பரிசு எதுவும் பெறாதவர்களுக்கும், சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கும் அப்படிக் குறையவில்லை. வருடக்கணக்காகக் காசுக்காகவே வரைந்த கைக்கு நடந்திருப்பதும் இதுதான். அதனால் முப்பது நாள் வரை இந்த நோட்டுக்குப் பரிசும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடமும் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் தவறினால் தவறியதுதான். மறுநாள் முப்பது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்டாதீர்கள், கடன் அடைப்பது போலாகிவிடும். பழக்கம் உருவாவது பற்றி லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. படிய ஆன காலம் சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைய வேண்டாம்.

தரையில் பரப்பிப் பாருங்கள்

முப்பது நாள் முடிந்ததும் தையலைப் பிரித்து, எல்லாத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். நின்றபடி பாருங்கள். எது அழகு என்று தேடாதீர்கள். எந்தப் படத்தில் அலாரம் அடித்தது எரிச்சலாக இருந்தது என்று நினைவுபடுத்தி, அதன் ஓரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பழக்கத்தில் கை தானாகப் போட்டதற்கு ஒரு கோடு. எப்போது முடியும் என்று இருந்ததற்குப் பெருக்கல் குறி. பிறகு வட்டம் போட்டவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: ஆளா பொருளா, கோடா நிழலா, வேகமா நிதானமா, வீட்டுக்குள்ளா வெளியிலா, ஒற்றைப் படமா தொடரா.

இங்கே வரும் பதில் பெரும்பாலும் எதிர்பாராததாக இருக்கும். வருடக்கணக்கில் அலங்கார பார்டர் போட்டுச் சம்பாதித்தவரின் வட்டங்கள் எல்லாம் டீக்கடை மனிதர்கள் மேல் விழுந்திருக்கலாம். டிஜிட்டலில் மட்டுமே வரைந்தவருக்கு வட்டம் எல்லாம் பென்சில் நிழலில் விழலாம். திசை என்பது இந்தத் தடயத்திலிருந்து வருவது. நாற்காலியில் உட்கார்ந்து ‘எனக்கு என்ன பிடிக்கும்’ என்று யோசித்தால், பிடிக்க வேண்டும் என்று நாம் நினைப்பதுதான் பதிலாக வரும்.

இது பாதிதான். மீதிப் பாதி பழைய பில் புத்தகத்தில் இருக்கிறது. கடைசியாகச் செய்த இருபது வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பர்ன் அவுட் ஆராய்ச்சியில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தம் கெடும் ஆறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள்: வேலைச்சுமை, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலன், கூட இருப்பவர்கள், நியாயம், நாம் மதிக்கும் விஷயங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இந்த ஆறில் எது கெட்டிருந்தது என்று குறியுங்கள்.

இருபதுக்கும் குறி போட்ட பிறகு அந்த ஆறில் எதில் குறிகள் அதிகம் என்று பாருங்கள். வேலைச்சுமையில் குவிந்திருந்தால் தொழிலை மாற்ற வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். அதிகாரத்தில் குவிந்திருந்தால், மாப்பிள்ளை ஒன்று சொல்ல, மாமனார் இன்னொன்று சொல்ல, பிரஸ்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்ன வேலைகள்தான் உங்களை எரித்திருக்கின்றன. முடிவெடுப்பவர் ஒருவராக இருந்தால் அதே வேலை தாங்கும். பலனிலும் நியாயத்திலும் குவிந்திருந்தால் கூலியும், கூலி கேட்கும் முறையும் மாற வேண்டும். கடைசியான ‘நாம் மதிக்கும் விஷயங்களில்’, அதாவது நம்பாத பொருளுக்கு விளம்பரம் வரைந்தது, பிறர் படத்தை நகலெடுக்கச் சொன்னது போன்றவற்றில் குவிந்திருந்தால்தான் உண்மையில் திசை மாற வேண்டும். இந்த ஒன்றை ஓய்வு சரிசெய்யாது. ஆறு மாதம் தூங்கி எழுந்தாலும் அதே வேலைக்குத் திரும்பினால் அதே வெறுப்பு திரும்பும்.

மூன்று வாரச் சோதனை

தடயம் காட்டிய திசையை உடனே தொழிலாக அறிவிக்காதீர்கள். மூன்று வாரத்துக்குள் முடியும் சின்னப் பொருள் ஒன்றாகச் செய்து பாருங்கள். ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கக் குறுநூல் நல்ல அளவு. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாக, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். நடுக்கோட்டில் நடு இரண்டு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் கத்தரித்து, நீளவாக்கில் மறுபடி மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து புத்தகமாக மடங்கும். படங்களைப் போடும் முன் வெறும் தாளில் ஒன்று மடித்து, பக்க எண் எழுதிப் பிரித்துப் பாருங்கள். மேல் வரிசைப் பக்கங்கள் கீழ்வரிசைக்குத் தலைகீழாக இருக்கும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் பாதிப் புத்தகம் தலைகீழாகிவிடும்.

முதல் வாரம் ஸ்கெட்ச், இரண்டாம் வாரம் இறுதிப் படம், மூன்றாம் வாரம் இருபது ஜெராக்ஸ் எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது. இப்போது காட்டலாம். முடித்ததும் மூன்று கேள்வி: யாரும் நினைவூட்டாமல் உட்கார்ந்தீர்களா? அடுத்ததற்கான யோசனை தானாக வந்ததா? வாங்கியவர்களில் ஒருவராவது ‘இன்னொன்று கிடைக்குமா’ என்று கேட்டாரா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் உங்களுக்கான வேலை அது. மூன்றும் ‘ஆம்’ என்றால் காசுக்கும் முயலலாம். முதலாவதே ‘இல்லை’ என்றால் வருத்தப்பட எதுவுமில்லை, மூன்று வாரமும் இருபது ஜெராக்ஸும்தான் செலவு. அடுத்த வட்டத்தை எடுங்கள்.

காசு வேலைக்குத் திரும்பும்போது

முதல் வேலை சின்னதாக, ஐந்து நாளுக்குள் முடிவதாக, ஏற்கனவே தெரிந்த கிளையன்ட்டிடமிருந்து வரட்டும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இலவசமாகச் செய்து தொடங்காதீர்கள். அங்கே கரெக்‌ஷனுக்கு எல்லையும் இல்லை, மறுக்க வாயும் இல்லை.

கொட்டேஷனில் நான்கு வரி எழுத்தில் இருக்கட்டும். பாதித் தொகை முன்பணம், வந்த பிறகே தொடக்கம். இரண்டு முறை கரெக்‌ஷன் விலையில் அடக்கம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை, எவ்வளவு என்பதும் எண்ணாக. திருத்தம் சொல்பவர் ஒருவர் மட்டும், அவர் பெயர் இன்னது. எல்லாத் திருத்தமும் ஒரே செய்தியில். கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும், அதுதான் அதிகம் காப்பாற்றும். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு பதினொன்றுக்கு ஒன்று என்று வாய்ஸ் மெசேஜில் வரும் திருத்தங்கள் வேலை நேரத்தைவிட ஓய்வு நேரத்தைத்தான் தின்கின்றன. வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரம் முடிந்ததும் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. ‘காலை 10 மணிக்குப் பார்க்கிறேன்’ என்று அதில் எழுதி வையுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம். நாளுக்கு நான்கு மணி நேரம் வரைதல் போதும். மீதி நேரம் பில், பேச்சு, பிரஸ், புரூஃப் என்று தானாகவே போய்விடும். பதினைந்து நிமிட நோட்டு இதற்கெல்லாம் வெளியே, எப்போதும் விற்பனைக்கு இல்லாததாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு படத்தை யாராவது விலைக்குக் கேட்டால், அதே பொருளைப் புதிதாக வரைந்து கொடுங்கள், அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்.

திரும்பிய ஆறாவது எட்டாவது வாரத்தில் ஒரு சறுக்கல் வருவது வழக்கம். கோப்பைத் திறந்து மூடுவது, ஒரே இடத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்ப்பது, போன் மணி அடித்தால் வயிறு இறுகுவது என்று தொடங்கும். அந்த வாரம் புது வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கையில் இருப்பதற்குப் புதுத் தேதி கேட்டுவிடுங்கள். பத்து நாள் ஓய்வு மறுபடி தேவையில்லை. இரண்டு நாள் கீரை ஆய்ந்து, நடந்து, மூன்றாம் நாள் எழுதாத கையைத் தாளைப் பார்க்காமல் வரைவதிலிருந்து தொடங்குங்கள். இந்தத் தடவை கை பெரும்பாலும் நாலைந்து நாளிலேயே வந்துவிடும், அதற்கு வழி தெரியும்.